பெரிய எழுத்தில் மைனஸ் பத்து

தமிழு, கடலூரில் உன் அம்மா வீட்டுக் கட்டிலில் போட்டுப் பார்சலைப் பிரித்துவிட்டு, ஸ்லீப்பிங் பேக் எங்கே என்று தேடியிருப்பாய். உதறிப் பார்க்காதே, அதில் இல்லை. மறந்துபோய் விட்டுவிடவில்லை, வேண்டுமென்றேதான் அனுப்பவில்லை. அது இங்கே சிதம்பரத்தில் நம் பந்தல் வாடகைக் கடைக் குடோனில் ஆணியில் தொங்குகிறது. பார்சலில் இருக்கிற துணி என்ன என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் நீ ஒரு காரியம் செய்ய வேண்டும். உங்களைப் பனிமலைக்குக் கூட்டிப் போகிற கேம்ப்காரர்களுக்கு இப்போதே போன் போடு. என் பேச்சைக் கேட்டு நீ வேண்டாம் என்று சொன்னாயே, அந்த வாடகைப் பையை மறுபடியும் உன் பேரில் எடுத்து வைக்கச் சொல். சொல்லிவிட்டு வந்து மிச்சத்தைப் படி. கடிதம் எங்கேயும் ஓடிப்போகாது. உன் பெரியப்பாவும் இப்போதெல்லாம் எங்கேயும் ஓடுகிற நிலைமையில் இல்லை.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் உன் குரலைக் கேட்டதும் என் வாய் தன் பாட்டுக்குக் கிளம்பிவிடுகிறது. போன ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டு, "பை ரெடியா பெரியப்பா?" என்று கேட்டாய். உள்ளதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனைக் காதில் வைத்தேன். வெளியே வந்தது என்ன? "ரெடியாவா? அதுக்குள்ள நீ படுத்தீன்னா சுத்துப்பட்டு ஐஸெல்லாம் உருகி ஓடிடும் பாரு." நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். போனை வைத்துவிட்டுப் பார்த்தால் உன் பெரியம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள். "இன்னும் சொல்லலியா? அந்தப் புள்ள போயி பனியில வெறைச்சப்புறம் சொல்லப் போறீங்களா?" என்றாள். அதனால்தான் பேனாவை எடுத்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு எழுத்து மெதுவாகத்தான் வரும். மெதுவாக வருவதால் பொய்யும் பாதி வழியில் அலுத்துப்போய் உட்கார்ந்துவிடுகிறது.

எனக்கும் அலுத்துத்தான் போய்விட்டது தமிழு. உள்ளதை உள்ளபடி சொன்னால் உப்பில்லாத சோற்றைத் தின்ற மாதிரி இருக்கும் எனக்கு. அதனால் எல்லாவற்றிலும் ஒரு பிடி சேர்த்துத்தான் இத்தனை நாள் பேசினேன். ஆள் கூட்டம் நூறு என்றால் ஐந்நூறு, தூறல் என்றால் புயல். ஆருத்ரா தரிசனத்துக்கு வந்த கூட்டத்துக்கு மெத்தை ஏற்றி இறக்கியதில் இடுப்பு போய்விட்டது. தைப்பூசம் வருகிறது, வடலூருக்கு அண்டாவும் கரண்டியும் ஏற்றி அனுப்ப வேண்டும். அந்த வேலையைவிட, ஏற்கெனவே சொல்லி வைத்ததை எல்லாம் ஞாபகம் வைத்துக்கொண்டு நடப்பதுதான் பெரிய சுமை. யாரிடம் எதைப் பெரிதாகச் சொன்னோம், யாரிடம் அதைவிடப் பெரிதாகச் சொன்னோம் என்று பார்த்துப் பார்த்துப் பேச வேண்டியிருக்கிறது. இந்த ஒன்றிலாவது இறக்கி வைத்துவிடுகிறேன். உன்னோடு மலைக்கு வருகிற பிள்ளைகளுக்கும் இதை வாசித்துக் காட்டு. பைக்குள் படுக்கப் போகிற எல்லாருக்கும்தான் எழுதுகிறேன்.

அந்தப் பையை நான் வாங்கின கதையை நீ ஏற்கெனவே கேட்டிருக்கிறாய். மிலிட்டரிக்கு சப்ளை பண்ணுகிறவர் எனக்காகத் தனியாக எடுத்து ஒளித்து வைத்திருந்தார் என்று சொல்லியிருப்பேன். அப்படியெல்லாம் இல்லை. பந்தலுக்குத் தார்பாய் வாங்கச் சென்னைக்குப் போயிருந்தேன். பக்கத்துக் கடை வாசலில் அது தொங்கிக்கொண்டிருந்தது. நீ பனிமலைக்குப் போகப் போகிறேன் என்று அந்த வாரம்தான் சொல்லியிருந்தாய். கடைக்காரர் நல்ல மனிதர். "எந்த மாசம் போறாங்க சார்? அங்க எவ்ளோ குளிர் இருக்குமாம்?" என்று கேட்டார். "அதெல்லாம் உனக்கு எதுக்கு? இருக்கறதுலயே பெரிய நம்பர் எதுவோ அத எடு" என்றேன். "நம்பர மட்டும் பாத்து எடுக்காதீங்க சார், உள்ள ஒரு லேபிள் இருக்கும், அதுல..." என்று ஆரம்பித்தார். நான் விட்டேனா? "யோவ், காலங்காலமா ஊரையே படுக்க வெக்கறவன் நான். படுக்கையப் பத்தி எனக்கே பாடம் எடுக்கறியா?" என்றேன். மனிதர் அதோடு வாயை மூடிக்கொண்டு பில் போட்டார். நல்லது சொல்ல வந்தவர் வாயை நாமே அடைத்துவிட்டால், அப்புறம் அவர் மேல் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. பையை அடைத்திருந்த உறை மேல் பெரிய எழுத்தில் மைனஸ் பத்து என்று போட்டிருந்தது. சிதம்பரம் வரும் வரை பஸ்ஸில் அந்த எழுத்து வெளியே தெரிகிற மாதிரிதான் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

அப்புறம் பெங்களூரிலிருந்து நீ கூப்பிட்டது ஞாபகம் இருக்கிறதா? எனக்கு அந்தப் பேச்சு ஒரு எழுத்து விடாமல் ஞாபகம் இருக்கிறது. "பெரியப்பா, உள்ள லேபிள்ல கம்ஃபர்ட் எவ்ளோன்னு போட்டிருக்கு? பாத்து சொல்லுங்க" என்றாய். "மைனஸ் பத்து" என்றேன். "கம்ஃபர்ட்டே மைனஸ் பத்தா?" "சகல கம்ஃபர்ட்டும் மைனஸ் பத்துதான்." "லேபிள் பாத்துதான சொல்றீங்க?" "இல்ல, சினிமா போஸ்டர் பாத்து சொல்றேன். வெளியிலயே இவ்ளோ பெருசா போட்டிருக்கான் பாப்பா, உள்ள போயி வேற தேடணுமா?" நீ கொஞ்சம் யோசித்தாய். "ராத்திரி மைனஸ் எட்டு வரைக்கும் இறங்கும்னு சொல்றாங்க. அப்ப இது போதும்ல? வாடகைப் பைய வேணாம்னு சொல்லிடவா?" என்று கேட்டாய். அந்த இடத்திலாவது நான் நிறுத்தியிருக்கலாம். "மொதல்ல சொல்லு. ஊர்ப்பட்டவன் படுத்து எழுந்த பையில எங்க பொண்ணு படுக்கறதா?" என்றேன். கேட்டுக்கொண்டிருந்த உன் பெரியம்மா, "ஏன், நாம வாடகைக்கு விடற மெத்தையில மட்டும் தேவலோகத்துலேர்ந்தா வந்து படுக்கறாங்க?" என்றாள். நீ அங்கே சிரித்தது எனக்குக் கேட்டது. ஆனால் என் பேச்சைத்தான் நம்பினாய், வாடகைப் பையை வேண்டாம் என்று சொல்லிவிட்டாய்.

அதே போனில் இன்னொன்றும் சொன்னாய். பையை அந்தச் சின்ன உறைக்குள் அடைத்தே வைக்காதீர்கள், எடுத்து லூசாகத் தொங்க விடுங்கள் என்றாய். சரி சரி என்றேன். ஆனால் ஐப்பசி பிறந்தால் நம் பக்கத்து மனுஷன் கை சும்மா இருக்குமா? உனக்கே தெரியும். முதல் மழைக்கே வீட்டுப் பத்திரம், பிள்ளைகள் சர்டிபிகேட்டு, கல்யாணப் போட்டோ, பட்டுப் புடவை எல்லாம் பாலிதீனுக்குள் போய்ப் பரண் ஏறிவிடும். கெடிலமும் பரவனாறும் கொள்ளிடமும் எந்த வருஷம் எந்தப் பக்கம் புரளும் என்று யார் கண்டது? பத்திரமாக வைப்பது என்றால் நமக்குக் காற்றுப் போகாமல் இறுக்கிக் கட்டுவது என்றுதான் அர்த்தம். உன் பையை நான் அப்படித்தான் பத்திரமாக வைத்தேன். உரச் சாக்கு பாலிதீனுக்குள் திணித்து, மேலே ஏறி உட்கார்ந்து, பந்தல் கயிறால் கட்டி, அதன் மேல் தார்பாய் உறை போட்டு, குடோன் பரணில் ஜமுக்காளக் கட்டுகளுக்கு அடியில் சொருகிவிட்டேன். மழை முழுக்க அது அங்கேதான் நசுங்கிக் கிடந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை என்று கடைவீதி முழுக்கப் பெருமை பேசினேன்.

மார்கழியில் மெத்தை இறக்கும்போதுதான் அதை எடுத்துப் பிரித்தோம். தமிழு, வாங்கும்போது அது தலையணை மாதிரி பொம்மென்று இருந்தது. இப்போது அப்பளக் கட்டு மாதிரி இருந்தது. உள்ளே இருக்கிற பஞ்சு இங்கே ஒரு திட்டு, அங்கே ஒரு திட்டு. நடுவில் வெறும் துணியோடு துணி ஒட்டிக் கிடந்தது. கட்டும்போதே ஈரக் காற்றையும் சேர்த்துக் கட்டியிருப்பேன் போல, ஒரு புழுக்க வாடை வேறு. வெயிலில் காயப்போட்டு, தட்டி, உதறிப் பார்த்தோம். கொஞ்சம் எழுந்தது, பழைய உப்பல் வரவில்லை. "இதுல படுத்தா குளிரும்" என்றாள் உன் பெரியம்மா. "மைனஸ் பத்துடி" என்றேன். "அப்ப படுத்துக் காட்டுங்க" என்றாள். சிதம்பரத்தில் எங்கே போய்ப் படுப்பது? மார்கழியிலேயே நமக்கு மின்விசிறி ஓடுகிறது. அப்போதுதான் கடலூர் முதுநகர் ஐஸ் ஃபேக்டரியில் ஆபரேட்டராக இருக்கிற சேகர் மச்சான் ஞாபகத்துக்கு வந்தான். உன் பெரியம்மாவின் தம்பிதான் அவன்.

மத்தியான நேரமாகப் பார்த்துப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய் இறங்கினேன். விஷயத்தைச் சொன்னதும் சேகர் தலையில் கை வைத்துக்கொண்டான். "மாமா, எறாவுக்குப் போடற ஐஸு இது. கட்டி நடுவுல மனுஷன் படுப்பானா? மொதலாளி பாத்தா என்னையும் சேத்து உள்ள வெச்சிடுவாரு." "டேய், எங்க தமிழு இமயமலைக்குப் போறாடா. அவ படுக்கறதுக்கு முன்னாடி நான் படுத்துப் பாக்க வேணாமா?" என்றேன். "எவ்ளோ நேரம் படுப்ப?" "ரெண்டு மணி நேரம். ஜாஸ்தி ஆனா எழுப்பு." அவன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, ஐஸ் கட்டிகளை அடுக்கி வைக்கிற ரூமைத் திறந்துவிட்டான். கதவோரம் இருந்த, குளிர் எவ்வளவு என்று காட்டுகிற முள்ளைப் பார்த்து, "மைனஸ் அஞ்சு இருக்குது மாமா. கதவ சாத்த மாட்டேன், வெளியிலயேதான் நிப்பேன். ஒரு குரல் குடு" என்றான். தரையில் இருந்த மரப் பலகை மேல் பையை விரித்து, ஜிப்பைக் கழுத்து வரைக்கும் இழுத்துக்கொண்டு படுத்தேன்.

இப்போது முதுநகரில் நான் அரை நாள் ஐஸுக்குள் தூங்கி எழுந்து வந்து, பையைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன் என்று பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பினது நான்தான். உனக்கு மட்டும் உள்ளதைச் சொல்கிறேன். சேகர் எனக்காக வாங்கி வைத்த டீ ஆறுவதற்குள் நான் வெளியே வந்துவிட்டேன். முதலில் முதுகு போனது. மேலே பை மூடியிருக்கிற பக்கம்கூட கொஞ்சம் தாங்கியது. பலகையோடு ஒட்டியிருந்த முதுகிலும் இடுப்பிலும்தான் யாரோ உள்ளேயிருந்து சூட்டை உறிஞ்சுகிற மாதிரி இருந்தது. திரும்பிப் படுத்தால் அந்தப் பக்கம் போனது. பஞ்சு திட்டுத் திட்டாக விட்டுப்போன இடம் ஒவ்வொன்றையும் குளிரே தொட்டுக் காட்டியது. பல் அடித்துக்கொள்ள ஆரம்பித்ததும் ஜிப்பைத் தேடினால் விரல் பிடிக்கவில்லை. "சேகரு" என்று கூப்பிட்டேன். அவன் ஓடி வந்து இழுத்துவிட்டான். ஒன்றும் கேலி பேசவில்லை. டீயைக் கையில் கொடுத்துவிட்டு, "நீ கூப்ட்ட, நான் வந்தேன். அந்தப் பொண்ணு அங்க யாரக் கூப்டும் மாமா?" என்றான்.

அங்கேயே உட்கார்ந்திருந்தேன். சேகர் ஐஸ் கட்டிகள் மேல் மரத்தூளை வாரிப் போட்டுக்கொண்டிருந்தான். அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. மரத்தூள் ஐஸைக் குளிர வைப்பதில்லை. உள்ளே இருக்கிற குளிரை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். இந்தப் பையும் அதே ஜாதி. இது அடுப்பு இல்லை. உன் உடம்புச் சூட்டைத்தான் வெளியே விடாமல் பிடித்து வைக்கும். பிடிப்பது பஞ்சுகூட இல்லை, பஞ்சுக்குள் நின்றுகொண்டிருக்கிற காற்று. நசுங்கிப்போனால் காற்று இல்லை, ஈரமானாலும் காற்று இல்லை. அதனால்தான் நீ லூசாகத் தொங்கவிடச் சொன்னாய். நான் அந்தக் காற்றை ஏறி உட்கார்ந்து பிதுக்கிவிட்டேன். படுத்தவுடனே நம் கனத்தில் அடிப்பக்கம் நசுங்கிவிடுகிறது பார், அங்கே பை எவ்வளவு உசத்தியானாலும் பிரயோஜனம் இல்லை. கீழே தனியாக ஒரு பாய் வேண்டும், குளிருக்கென்றே செய்கிற தடிமனான பாய்.

இது எனக்குத் தெரியாத விஷயமா? நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது, உன் அப்பா, அதாவது என் தம்பி, இறந்துபோன மறு வருஷம், முதுநகர் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. நான் பாத்திரம் ஏற்றுகிற வண்டியைக் கொண்டுவந்து உன்னையும் உன் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு சிதம்பரம் வந்தேன். வண்டியில் நனையாத இடம் கவிழ்த்து வைத்திருந்த பிரியாணி அண்டாவுக்குள்தான் இருந்தது. அதை நிமிர்த்தி, உன்னை உள்ளே படுக்க வைத்து, என் சட்டை, உன் அம்மா சால்வை எல்லாம் மேலே போட்டோம். அப்படியும் நடுங்கினாய். போட்ட துணியில் ஒரு பாதியை எடுத்து மடித்து உனக்குக் கீழே விரித்தாள் உன் அம்மா. அதன் பிறகுதான் தூங்கினாய். அண்டாவின் தகரம் அடியிலிருந்து உன் சூட்டைக் குடித்துக்கொண்டிருந்தது. கண்ணால் பார்த்த பாடம் அது. ஆனால் பாடத்தை நான் எங்கே ஞாபகம் வைத்தேன்? அண்டா வெள்ளத்தில் மிதந்தது, நான் நீந்திக்கொண்டே பரங்கிப்பேட்டை வரைக்கும் தள்ளிக்கொண்டு போனேன், ஒரு மீன் துள்ளி உன் மடியில் விழுந்தது என்று கதையைத்தான் வளர்த்தேன். நீ காலேஜ் போகிற வரைக்கும் அதை நம்பினாய். சிநேகிதிகளிடம் எல்லாம் சொல்லியிருக்கிறாய். அப்புறம் ஒரு நாள் உன் அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து, "மீனு கூடவா பெரியப்பா பொய்யி?" என்றாய். கோபம்கூட இல்லை உன் முகத்தில். எனக்கு அது இப்போது ஐஸ் ரூமில் திரும்ப வந்தது. மீன் பொய்யாக இருந்தால் யாரும் சாக மாட்டார்கள். மைனஸ் பத்து அப்படி இல்லை.

வீட்டுக்கு வந்து பையைக் கூடத்தில் விரித்து, நீ பார்க்கச் சொன்ன அந்த லேபிளை ஒருவழியாகப் பார்த்தேன். உள்பக்கம் கால்மாட்டில் தைத்திருக்கிறது. பெரிய படிப்பு வேண்டியதில்லை, படமே போட்டிருக்கிறது. ஒரு பெண் படம், அதன் பக்கத்தில் ஆறு. மைனஸ் இல்லை, வெறும் ஆறு. அடுத்து ஒரு ஆண் படம், அதில் இரண்டு. கடைசியில் ஒரு எச்சரிக்கைக் குறி, அதில்தான் மைனஸ் பத்து. நான் போனில் படம் பிடித்து அனுப்ப, சேகர் தமிழில் மாற்றித் திருப்பி அனுப்பியதைப் படித்துச் சொல்கிறேன். முதல் நம்பர்தான் நீ கேட்ட கம்ஃபர்ட். ஒரு சராசரிப் பெண் கைகாலை நீட்டி நிம்மதியாகத் தூங்கக்கூடிய குளிர் அதுவரைதான். இரண்டாவது, ஒரு சராசரி ஆண் சுருண்டுகொண்டு எப்படியோ ராத்திரியை ஓட்டிவிடலாம் என்கிற எல்லை. மூன்றாவது தூங்குவதற்கான நம்பரே இல்லை. அந்தக் குளிரில் சில மணி நேரம் உயிரோடு கிடக்கலாம், அதிலும் உடம்பு விறைத்துப்போகிற ஆபத்து உண்டு என்கிறது. கம்பெனிக்காரன் உறை மேல் பெரிதாகப் போட்டது அதைத்தான். நானும் அதைத்தான் உனக்குப் படித்துச் சொன்னேன். உன் பெரியம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "பொம்பளப் படம் போட்ட எடத்துல ஆறுன்னு தெளிவாதான இருக்கு. பொம்பளயத் தாண்டி, ஆம்பளயயும் தாண்டி, சாவற எடத்துல இருக்கறதயா போயி படிச்சீங்க?" என்றாள். ஆறுக்கும் மைனஸ் எட்டுக்கும் நடுவே எத்தனை படி இறங்க வேண்டும் என்று நீயே எண்ணிக்கொள். அதுவும் புதுப் பையாக இருந்தால். என் பத்திரத்தில் இருந்து வந்த பைக்கு அந்த ஆறும் கிடையாது.

அதனால் கேம்ப்காரர்களிடம் பேசும்போது "மைனஸ் எத்தனை பை?" என்று கேட்காதே. அவர்களும் என்னை மாதிரி ஆட்களாக இருந்தால் பெரிய நம்பரைத்தான் சொல்வார்கள். "பெண் படத்துக்கு நேராக என்ன போட்டிருக்கிறது, லேபிளைப் படம் எடுத்து அனுப்புங்கள்" என்று கேள். அந்த நம்பர் அங்கே வரப்போகிற குளிருக்கும் கீழே இருக்க வேண்டும். சரியாக அதே நம்பராக இருந்தால் போதும் என்று சொல்வார்கள், கேட்காதே. நீ சின்ன வயதிலிருந்தே குளிர் தாங்க மாட்டாய், மார்கழிக் கோலத்துக்கே தலையில் துண்டு கட்டுகிறவள். ஒரே பையில் ஒருவருக்கு வியர்க்கும், இன்னொருவருக்கு நடுங்கும். லேபிள் ஒரு சராசரி ஆளைச் சொல்கிறது, உன்னை அதற்குத் தெரியாது. அந்த நம்பர்கூட உள்ளாடை மாதிரி உடம்போடு ஒட்டுகிற கம்பளி உடுப்பு போட்டு, கீழே நல்ல பாய் விரித்துப் படுத்தால்தான் பொருந்தும் என்று அதிலேயே இருக்கிறது. பாய் இல்லாமல் நம்பர் இல்லை, இதை மட்டும் மறக்காதே.

வாடகைப் பை கைக்கு வந்ததும் விரித்து உதறிப் பார். உப்பி எழுந்தால் எடு. திட்டுத் திட்டாகக் கிடந்தால் வேறு கேள், வெட்கப்படாதே. நம்மிடம் மெத்தை எடுக்க வருகிறவர்கள் அமுக்கிப் பார்த்து வேண்டாம் என்று தள்ளிவைப்பதில்லையா? நான் முகத்தைச் சுளிப்பேன், ஆனால் வேறு எடுத்துக் கொடுப்பேன். ரொம்பப் பெரிய பையும் வேண்டாம், உள்ளே காலி இடத்தை எல்லாம் நீதான் சூடாக்க வேண்டும். வேர்த்த துணியோடு படுக்காதே, காய்ந்ததை மாற்று. பசியோடு படுக்காதே. நடுங்கிக்கொண்டே உள்ளே போகாதே, கொஞ்சம் கைகாலை ஆட்டிச் சூடேற்றிக்கொண்டு போ. பைக்குள் சூடு இருந்தால்தானே அது பிடித்து வைக்கும். முகத்தைப் பைக்குள் புதைத்துக்கொண்டு மூச்சு விடாதே, மூச்சு ஈரம். தலைப் பக்கக் கயிறை இழுத்து மூக்கும் வாயும் மட்டும் வெளியே தெரிகிற மாதிரி வைத்துக்கொள். ஒன்றுக்கு வந்தால் குளிருக்குப் பயந்து அடக்கிக்கொண்டு கிடக்காதே, எழுந்து போய்விட்டு வா. இதில் பாதி சேகர் போனில் படித்துச் சொன்னது. பாதி நான் பலகையில் படுத்துக் கற்றது. எதிலும் ஒன்றும் சேர்க்கவில்லை.

அப்படியும் அங்கே போய்க் குளிர் தாங்கவில்லை என்றால், வாயைத் திறந்து சொல். கூட வருகிறவர்கள் எல்லாம் தாங்குகிறார்களே, நாம் மட்டும் எப்படிச் சொல்வது என்று உட்காராதே. அந்த வீம்பு நம் வீட்டு வீம்பு, என்னிடமிருந்துதான் உனக்கு வந்திருக்கும். ஐஸ் ரூமில் "சேகரு" என்று கூப்பிட எனக்கு எத்தனை கஷ்டமாக இருந்தது தெரியுமா? விரல் ஜிப்பைப் பிடிக்காத பிறகுதான் கூப்பிட்டேன். நீ அதற்கு முன்னாலேயே கூப்பிடு.

இனிப் பார்சலில் இருக்கிற துணி. நீ மலைக்குக் கொண்டுபோவதில் என் பங்கு ஒன்று இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன், அதனால்தான் அந்தப் பையே வாங்கினேன். அது ஆணியில் தொங்குகிறது என்று ஆனதும் மனசு கேட்கவில்லை. வாடகைப் பைக்குள் தனியாக ஒரு துணி உறை போட்டுக்கொண்டு படுப்பார்களாம். ஊர்ப்பட்டவன் படுத்த பையானாலும் உடம்பில் படுவது நம் துணியாக இருக்கும். பட்டு என்றால் கனம் இல்லை, மடித்தால் கைக்குள் அடங்கும் என்றார்கள். என் கல்யாணப் பட்டு வேட்டியை எடுத்துக் கொடுத்தேன். காஞ்சிபுரத்தில் தறிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து நெய்யச் சொல்லி வாங்கின சுத்தப் பட்டு என்று நான் சொல்லி நீயும் கேட்டிருப்பாய். கத்தரிப்பதற்கு முன்னால் உன் பெரியம்மா ஓரத்தில் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பார்த்தாள். "பாதிதான் பட்டு. மீதி என்னான்னு எனக்குத் தெரியல" என்றாள். பந்தல் துணி தைக்கிற மிஷினில் இரண்டு ஓரத்தையும் சேர்த்து அவளே தைத்துவிட்டாள். சரிகைக் கரை கழுத்தில் உறுத்தும் என்று பிரித்து எடுத்தாயிற்று.

கேம்பில் யாராவது கேட்பார்கள், இதைப் போட்டால் எத்தனை டிகிரி கூடுதலாகத் தாங்கும் என்று. நீயும் கேட்பாய். முன்பு என்றால் நீ கேட்டு முடிப்பதற்குள் ஒரு நம்பர் சொல்லியிருப்பேன். தமிழு, எனக்குத் தெரியாது. இது இருக்கிறது என்று பையில் ஒரு டிகிரிகூடக் குறைத்து எடுக்காதே. போய்ப் படுத்துப் பார்த்துவிட்டு வந்து நீ சொல்லு. நீ என்ன நம்பர் சொல்கிறாயோ, அதையே நான் ஊருக்குச் சொல்கிறேன்.

உன் பெரியப்பா